மேற்குச் சுவரின் பதினொரு குழிகள்

பச்சை மை என்றால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. என் நெறியாளர் பச்சை மையில்தான் எழுதுவார். சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், இரண்டிலும் பச்சை. நாலு மாதம் உட்கார்ந்து எழுதிக் கொண்டுபோன இயலின் மேல் அந்த மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, "போயிட்டு வா" என்பார். ஏன் சார் என்று கேட்டால், "யோசி" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது, சரியான கல்லுளிமங்கன். இறந்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்று எங்கள் அத்தா சொல்வார். அத்தா சொன்ன எத்தனையோ பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் கேட்பதாக இல்லை.

நான் திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. அத்தாவுக்குத் தோல் வியாபாரம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மலைக்கோட்டை கண்ணெதிரே நிற்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எம்.ஏ. வரலாறு முடித்தபோது, அந்தக் கோட்டையை யார் யார் எப்படி முற்றுகையிட்டார்கள் என்று ஆய்வு செய்யப் போகிறேன் என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தா மட்டும் சிரிக்கவில்லை. வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டிக் குடும்பம் என்னைப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர்களுக்கு அத்தா தவணை சொன்னார். என்னிடம், "நாலு வருசம் தாரேன். டாக்டர் பட்டம் வாங்கி உள்ளூர்லயே ஒரு வேலையில உக்காந்துட்டேன்னா நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா வாணியம்பாடிதான். உனக்குக் கீழ ஒருத்தி இருக்கா, அதையும் பாரு" என்றார். உள்ளூர் மகளிர் கல்லூரி ஒன்றில், ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே பட்டம் கிடைத்தால் திண்டுக்கல், கிடைக்காவிட்டால் வாணியம்பாடி. என் வாழ்க்கை அப்படி ஒரு கையெழுத்தில் நின்றது. அந்தக் கையெழுத்து நெறியாளருடையது. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவர் சான்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் பல்கலைக்கழகம் அதை வாங்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

ஒரு கல்லூரியில் அவர் வரலாற்றுத் துறைத் தலைவர். எங்கள் கோட்டையைப் பற்றித் தமிழில் அப்போது எனக்குத் தெரிந்து இருந்த ஒரே புத்தகம் அவர் எழுதியது. அதைப் படித்துவிட்டுத்தான் நானாகவே அவரைத் தேடிப் போனேன், என் தலையெழுத்து. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்: அந்த மனிதர் முற்றுகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டோம். சுவரை உடைக்க நினைப்பவன் பீரங்கியால் அதன் தலையில் அடிக்கக் கூடாது, காலில் அடிக்க வேண்டும் என்பார். தலையில் அடித்தால் நாலு செங்கல் உதிரும், அவ்வளவுதான். அடியில் ஒரே இடத்தில் விடாமல் அடித்தால் மேல்சுவர் தன் பாரத்திலேயே சரிந்து விழும், விழுந்த கல்லும் மண்ணும் எதிரி ஏறி வருவதற்குச் சரிவாகக் கிடந்து வழிவிடும். எங்கள் கோட்டைக்கு அதுவும் சுலபமில்லை. சுற்றிலும் வழுக்குப் பாறை, ஏறுவதற்கு ஒரு பக்கம்தான் வழி, மேலே மழைநீர் தேங்கும் சுனைகள், வெடிமருந்தறை, தானிய அறை. நாயக்கர்கள் எழுப்பி, மைசூர்க்காரர்கள் பலப்படுத்திய சுவர். ஆங்கிலேயக் கும்பெனிப் படை கடைசியாக வந்தபோது இரண்டு நாள் அடித்துச் சுவரைக் கொஞ்சம் பெயர்த்து, அந்த வழியாக ஆட்களை ஏற்றியது. உள்ளே இருந்தவர்கள் அவர்களை அடித்து இறக்கிவிட்டார்கள். ஆனால் மறுநாள் விடியும்போது கோட்டையின் மேல் வெள்ளைக்கொடி பறந்தது. இந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "ஜெயிச்சவன்தான்யா கொடியத் தூக்கினான். கோட்டை விழுறது சுவத்துல இல்ல. உள்ள இருக்கவன் உக்காந்து யோசிக்க ஆரம்பிக்கான் பாரு, அங்கதான் விழுது" என்பார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டு வைத்திருந்தேன்.

அவருடைய புத்தகத்தின் பெருமையே மேற்குச் சுவரில் இருக்கும் பதினொரு குழிகள்தான். அவை கும்பெனியின் பீரங்கிக் குண்டுகள் பட்ட இடங்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. குழிகள் இருக்கும் திசையை வைத்து, கீழே சமவெளியில் பீரங்கிகள் எங்கே நின்றிருக்கும் என்று படம் போட்டிருந்தார். எத்தனை பீரங்கி, எவ்வளவு தூரம், எல்லாம் அந்தக் குழிகளிலிருந்துதான் வந்தன. அவருக்கு முழங்கால் வலி. என்னை அழைத்துக்கொண்டு ஒரு நாள் வந்தவர் அடிவாரத்து வேப்ப மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ப் பார்த்துட்டு வா, எனக்கு அங்க ஒவ்வொரு கல்லும் தெரியும்" என்றார். நான் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு டேப்போடு ஏறினேன். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் பல நாள் ஏறினேன். வெயிலில் பாறை செருப்பைத் தாண்டிச் சுடும்.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, மேலே படிகளுக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. அய்யலூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே என்னைச் செத்த நேரம் பார்த்தார். "என்னத்தம்மா அளக்குற?" என்றார். பீரங்கிக் குண்டு பட்ட இடம் என்றேன். அவர் சுவரின் பக்கத்தில் வந்து, ஒரு குழிக்குள் முழங்கை வரை கையை விட்டார். பிறகு அடுத்த குழிக்குள் விட்டார். "இது சாரக் குழிம்மா. சுவரு எழும்ப எழும்ப மரத்தச் சொருகி, பலகை போட்டு, அது மேல நின்னு கட்டுவோம். வேலை முடிஞ்சா மரத்த உருவிருவோம், ஓட்டை நின்னுரும். குண்டு என்ன, நூல் பிடிச்சாப்புல ஒரே மட்டத்துல, எட்டடிக்கு ஒண்ணா வந்து விழுமா?" என்றார். அவர் கேலி செய்யவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடானது. அவர் போன பிறகு ஒவ்வொரு குழியாக அளந்தேன். வெளியே காற்றும் மழையும் அரித்து வட்டமாகத் தெரிந்தவை உள்ளே நாலு மூலையும் சரியாகச் சதுரம். ஆழமெல்லாம் ஒன்றுபோல ஒரு முழம். உள்பக்கம் சுண்ணாம்பு வழுவழுவென்று இருந்தது. குண்டு பட்டிருந்தால் சுற்றியுள்ள கல் சிதறியிருக்கும், ஒரு கீறல்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், சுவரின் அடி கீழே பாறைச் சரிவில் கிடக்க, அவை உச்சியை ஒட்டி, மேட்டில் நிற்கும் என் தலை உயரத்தில் இருந்தன. காலில் அடி என்று வகுப்பில் வாய் வலிக்கச் சொன்ன மனிதர், தலையில் வரிசையாகப் பதினொரு அடி அடித்த ஒரு படையைப் புத்தகத்தில் நிறுத்தியிருந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவரை மட்டம் தட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அம்புட்டு அப்பாவி நான். பத்துப் பக்கம் எழுதி, அளவுகளையெல்லாம் கட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என் எதிரிலேயே படித்தார். கோபமே வரவில்லை. காகிதங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, என் பக்கம் தள்ளினார். "இதை எடுத்துரு" என்றார். சார், நான் அளந்திருக்கேன் என்றேன். "நானும் அளந்துதான் எழுதினேன்" என்றார். அப்புறம் குறுக்கே அந்தப் பச்சைக் கோடு.

அன்றைக்குத் தொடங்கி இரண்டு வருடம். கத்தியிருந்தால், விரட்டியிருந்தால் வேறு நெறியாளரைத் தேடியிருப்பேன். அவர் அதற்கெல்லாம் இடம் தரவில்லை. சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போக ஒவ்வொரு தடவையும் அவருடைய கடிதம் வேண்டும். கேட்டால், "அட, மறந்துட்டேன்மா, அடுத்த வாரம் வா" என்பார். அடுத்த வாரம் அவர் ஊரில் இருக்க மாட்டார். அவருடைய அறைக்கு வெளியே கிடந்த ஸ்டூலில் எத்தனை பகல் உட்கார்ந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆய்வு மாணவர்கள் நாலு பேர் ஒரே மேசையில் சாப்பிடுவோம், ஆளுக்கொரு வெஞ்சனம் கொண்டுவந்து பகிர்ந்துகொள்வோம். அவர் ஒரு நாள் அந்த வழியாகப் போகும்போது, "இந்தப் பிள்ளைகிட்டச் சூதானமா இருங்கப்பா, குருவுக்கே தப்புக் கண்டுபிடிக்கிற ஆளு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து மற்ற மூன்று பேரும் கொஞ்சம் முன்னதாகவே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? அவர்களுக்கும் அதே கையெழுத்துத்தான் வேண்டியிருந்தது. நான் மட்டும் விடவில்லை. வேறு இயல்களை எழுதினேன், திருத்தினேன், மறுபடி எழுதினேன். அந்தப் பத்துப் பக்கத்தை மட்டும் எடுக்கவில்லை. தவணையில் மூன்றரை வருடம் போயிருந்தது.

கடைசியில் அவர் என்னை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நோன்பு மாதம். அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை, இவ்வளவு பெரிய மனிதர் வீடு தேடி வந்திருக்கிறாரே என்று. இரண்டு கோப்பை நோன்புக் கஞ்சி குடித்தார். எங்கள் அம்மா கைப்பக்குவத்தைப் பாராட்டினார். பிறகு அத்தாவிடம், என்னை ஏறிட்டும் பார்க்காமல், "பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரிங்க பாய். என்ன, கொஞ்சம் பிடிவாதம். அது ஒண்ணை விட்டுட்டான்னா நாளைக்கே கையெழுத்துப் போட்டுருவேன். எனக்கும் அவ நம்ம பொண்ணு மாதிரிதானே" என்றார். மறுநாள் காலையில் அத்தா என் அறை வாசலில் வந்து நின்றார். "என்னமோ ஓட்டையாம்ல. குண்டுன்னா என்னம்மா, சாரம்னா என்ன? அதுனால யாருக்கு நட்டம்? எழுதிக் குடுத்துட்டு வந்துரும்மா. தங்கச்சிக்கும் வயசாகுது" என்றார். அத்தா என்னிடம் கெஞ்சி நான் கேட்டதில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், நான் அம்மி இல்லை. அன்று பகல் முழுக்க மாடியில் உட்கார்ந்து யோசித்தேன். உட்கார்ந்து யோசித்ததுதான் தப்பு.

பத்துப் பக்கத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதிக் கொண்டுபோனேன்: இப்பதினொரு குழிகளும் பீரங்கிக் குண்டு பட்ட தடயங்கள் என்று கருதப்படுகின்றன. கருதப்படுகின்றன என்று போட்டதில் எனக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சியிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். 'என்று கருதப்படுகின்றன' என்பதை அடித்துவிட்டு, 'என்பது ஆய்வாளரின் நேரடிக் கள அளவையால் ஐயமற உறுதியாகிறது' என்று மேலே எழுதினார். வெயிலில் நான் பிடித்த டேப்பையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தார். இந்த அக்கிரமத்துக்குத்தான் அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பொய்யை அவர் பெயரில் வைத்திருந்தால் போகிறதென்று விட்டிருப்பேன். நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு டி.டி.பி. சென்டருக்குப் போனேன். அந்த வாரமே கையெழுத்து விழுந்தது.

வாய்மொழித் தேர்வு எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு கல்யாணம். மேடை, பொன்னாடை, சாப்பாடு எல்லாம் மாணவர் வீட்டுச் செலவு. அத்தா சமையல் பண்டாரியை வைத்து வீட்டிலேயே பிரியாணி ஆக்கி, கல்லூரிக்கு வேனில் ஏற்றி வந்துவிட்டார். புதுச் சட்டையும் தொப்பியுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர். ஆய்வேட்டைப் புரட்டி, அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இந்த அளவெல்லாம் நீங்களே மேல ஏறி எடுத்ததாம்மா?" என்று கேட்டார். ஆமாங்க சார் என்றேன். "சந்தேகம் எதுவும் இல்லையே?" என்றார். அவர் சும்மா கேட்டாரோ, தெரிந்து கேட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நெறியாளர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தார். இல்லைங்க சார் என்றேன். கை தட்டினார்கள்.

சாப்பாட்டின்போது நானே பரிமாறினேன், அதுதான் வழக்கம். நெறியாளரின் இலைக்குத் தால்ச்சா ஊற்றக் குனிந்தபோது, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில், "எனக்கும் தெரியும்மா அது சாரக் குழின்னு. புத்தகம் வந்த மறு வருசமே ஒரு கொத்தன் சொல்லிட்டான்" என்றார். அப்ப ஏன் சார் என்று மட்டும் கேட்க முடிந்தது. "அச்சாயிருச்சே" என்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம் ஊத்து, நல்லா இருக்கு" என்றார். நான் ஊற்றினேன். அந்த வாளியை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும் என்று இத்தனை வருடத்தில் பல தடவை நினைத்திருக்கிறேன். நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கறை போகவே போயிருக்காது.

வேலை கிடைத்தது. வாணியம்பாடிக்குப் போகாமல் உள்ளூரிலேயே கல்யாணம் ஆயிற்று, தங்கைக்கும் ஆயிற்று. முதல் காரியமாக உண்மையை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தேன். பணி நிரந்தரமாகட்டும் என்று ஒத்திப்போட்டேன். நிரந்தரமானது. பதவி உயர்வு வரட்டும் என்றேன், அதுவும் வந்தது. நெறியாளர் இறந்தபோது இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். அவர் ஒரு ஆலமரம் என்று பேசினேன். வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி எனக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அப்படியும் நான் எழுதவில்லை. இதற்கு மட்டும் அவரைத் திட்ட முடியவில்லை, அதனாலேயே அவர் மேல் இன்னும் ஆத்திரம் கூடுகிறது.

போன மாதம் என்னிடம் ஆய்வு செய்யும் பெண் தன் ஆய்வேட்டைச் சான்றுக்குக் கொண்டுவந்தாள். நெய்க்காரப்பட்டி, விவசாயக் குடும்பம். இந்தப் பக்கத்துக் கோட்டைகளைப் பற்றிய ஆய்வு. புரட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாம் இயலில் என் வாக்கியம் அப்படியே இருந்தது, நேரடிக் கள அளவையால் ஐயமற உறுதியாகிறது, அடிக்குறிப்பில் என் பெயர். நீ மேலே ஏறி அந்தக் குழிகளைப் பார்த்தாயா என்று கேட்டேன். "இல்லீங்க மேடம். நீங்களே டேப் வச்சு அளந்திருக்கீங்க, அப்புறம் நான் போய் என்னத்தைங்க பார்க்கறது?" என்றாள். மனப்பூர்வமாக நம்பிச் சொன்னாள். கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு அடுத்து அவள், அவளுக்கு அடுத்து அவளிடம் படிக்க வரும் யாரோ. நாளைக்குக் காலையில் அடிவாரத்துக்கு வந்துவிடு என்றேன்.

எனக்கும் இப்போது முழங்கால் வலி. இரண்டு இடத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். அவளே குழிக்குள் கையை விட்டாள், எடுத்தாள், அடுத்ததில் விட்டாள். வரிசையைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவள் அப்பா தோட்டத்தில் தொட்டி கட்டியபோது பக்கத்திலிருந்து பார்த்தவளாம். "ஏனுங்க மேடம், இது சாரம் கட்டுன ஓட்டைங்களாட்ட இருக்குதுங்களே" என்றாள். ஆமாம் என்றேன். "உங்களுக்கு அப்பவே தெரியுங்களா?" தெரியும் என்றேன். அவள் டேப்பை எடுத்து ஒவ்வொரு குழியாக அளந்து நோட்டில் குறித்தாள். பிறகு மெதுவாக, "அப்புறம் ஏனுங்க மேடம் அப்படி எழுதுனீங்க?" என்றாள்.

நெறியாளரைப் பற்றி அவளிடம் நிறையச் சொல்லியிருக்கலாம். ஸ்டூல், கடிதம், கஞ்சி, அத்தா எல்லாம் தொண்டை வரை வந்தது.

"பயந்துட்டேன்மா" என்றேன்.

அவள் நோட்டைத் திறந்து, அளவுகளுக்குக் கீழே ஏதோ எழுதப் போய், நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப நீங்க சொன்னதை அடிக்குறிப்புல போடலாங்களா?"

போடு என்றேன்.